பதினேழாம் பாடு

கல்மேட்டுக்குளத்தில் இருபத்தொரு பாடுகள் இருக்கின்றன. பாடு என்றால் ஒருவர் வலை போடுகிற இடம். தைப்பொங்கல் முடிந்த கையோடு நன்னீர் மீனவர் சங்கத்தில் பால்மாத் தகரப் பேணிக்குள் இலக்கம் எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கி, அந்த வருடம் யாருக்கு எந்தப் பாடு என்று பிரித்துக்கொள்வோம். நல்ல பாடு விழுந்தவன் சிரித்துக்கொண்டு போவான். விழாதவன் சங்கத் தலைவர் இராசதுரையைத் திட்டிக்கொண்டு போவான். வருடா வருடம் நடக்கிற கூத்துத்தான். ஆனால் பன்னிரண்டு வருடமாகப் பதினேழாம் இலக்கத் துண்டு மட்டும் அந்தப் பேணிக்குள் விழவில்லை.

பதினேழு, யோகலிங்கத்தின் பாடு. குளத்தின் நடுவில் நிற்கிற பட்டமரக் கூட்டத்துக்கு அப்பால், தண்ணீர் திறந்துவிடுகிற துருசுப் பக்கமாக, ஆழமான மூலையில் இருக்கிறது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வறண்ட கச்சான் காற்று அடித்து ஓய்ந்தபோது குளம் சேறாகிக் கிடந்தது. செத்த மீனை அள்ளிப் புதைத்தோம். அந்த ஆவணியில்தான் யோகலிங்கம் இலங்கைத்துறைக்கு அங்கால் எங்கேயோ ஒரு கரையில் வள்ளம் ஏறினான். அறுபது பேர், அவுஸ்திரேலியா என்று சொன்னார்கள். அந்த வள்ளத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. கலியாணம் முடித்து மூன்று வருடம், பிள்ளை இல்லை. படலையில் நின்று மனைவி கமலாதேவியிடம் அவன் கடைசியாகச் சொன்னது காதல் கதையொன்றுமில்லை. "மிதப்பை வருசா வருசம் மாத்திக் கட்டு. வெயிலுக்கு வெடிச்சிடும்" என்றான்.

அந்த மிதப்புக்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் குளத்தில் ஒருவன் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனால், அவனுடைய பாட்டில் ஒரு மிதப்பைக் கட்டிவிடுவோம். மிதப்பு கிடக்கிறவரைக்கும் பாடு அவனுடையது. அதற்குள் வேறு யாருடைய வலையும் விழக்கூடாது. விழுந்தால் பாடு போச்சு, துண்டு திரும்பப் பேணிக்குள் வந்துவிடும். கட்டாருக்குப் போனவர்கள் இரண்டு வருடத்தில் வந்து தங்கள் மிதப்பைத் தாங்களே அவிழ்த்திருக்கிறார்கள். ஒருவன் பாலையூற்றில் கலியாணம் முடித்து, மாமியார் வீட்டுச் சாப்பாட்டை விட மனமில்லாமல் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்து அவிழ்த்தான். அவனை இன்றைக்கும் பகிடி பண்ணுவோம். பன்னிரண்டு வருடம் ஒரு மிதப்பு கிடக்கும் என்று இந்த வழக்கத்தை வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

தை பிறந்தால் கமலாதேவி ஐந்து லீற்றர் தேங்காயெண்ணெய்க் கான் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூடியை இறுக்கி, கறுப்பு வர்ணத்தால் பதினேழு என்று எழுதுவாள். யோகலிங்கத்தின் தம்பி தனஞ்சயன் அதைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுப் பழையதை எடுத்து வருவான். அவள் தோணியில் ஏறியதில்லை. கரையோடு அவளுக்கு வேலை சரி. விடிய ஆறரைக்குத் தோணிகள் வர, மீனைச் செதில் தட்டி, பிளந்து, குடல் எடுத்து, உப்புப் போட்டு, பழைய வலை விரித்த பரணில் காயப்போடுவாள். கச்சானுக்கு இரண்டு நாளில் கருவாடு கலகலவென்று காய்ந்துவிடும். சனிக்கிழமை கிண்ணியாவிலிருந்து வியாபாரி வந்து கட்டி எடுத்துப் போவார்.

பதினேழைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு இருந்தது. இருக்காமல் என்ன செய்யும்? குளத்திலேயே ஆழமான இடம், வற்றினாலும் தண்ணீர் நிற்கும். "ஆள் இருக்கோ இல்லையோ, பாடு இருக்கு" என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதற்குத் தனஞ்சயன் கதிரையைத் தூக்கிவிட்டான். அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கமலாதேவிக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் பேசுகிறதெல்லாம் மீன் வெட்டுகிற இடத்துக்குத்தான் முதலில் வந்து சேரும்.

இந்த வருடம் மாசியில் நப்லா வந்தாள். கிண்ணியாப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், ஸ்கூட்டியில் வருவாள். குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதந்து திரிகிற சின்னச்சின்னப் பூச்சிகளை எண்ணுவது அவளுடைய வேலை. எந்த இடத்தில் எத்தனை, எந்த மாதத்தில் எந்த இனம் என்று ஐந்து இடங்களைக் குறித்து, ஐந்து நிலையங்கள் என்று பெயர் வைத்தாள். "தண்ணிக்குள்ள தூசி எண்ண வந்த பிள்ளை" என்று ஆட்கள் சிரித்தார்கள். அவள் கோபப்படவில்லை.

"மீன்குஞ்சு கண் திறந்த உடனே தின்னுற முதல் சாப்பாடு இதுதான். மார்கழியில உங்கட குளத்தில குஞ்சு விடப் போறாங்க. எந்த இடத்தில எவ்வளவு சாப்பாடு கிடக்கு எண்டு தெரியாம விட்டா, அதுகள் பட்டினியில சாகும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் கொஞ்சம் அடங்கினார்கள். இராசதுரை சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை ஒதுக்கிக் கொடுத்தார்.

நப்லாவின் வாப்பா இருபது வருடம் கடல் தொழில் செய்தவர். மகளுக்குத் தோணி ஒத்துவரவில்லை. முதல் நாள் முதலாம் நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் காலையில் தின்ற இடியப்பம் முழுவதையும் குளத்துக்குக் கொடுத்துவிட்டாள். அதோடு வேலையைத் தனஞ்சயனுக்குப் பழக்கிவிட்டாள். வளையத்தில் தைத்த பட்டுத்துணிக் கூம்பு ஒன்று, நுனியில் சின்னப் போத்தல், அடியில் ஈயக்குண்டு. அடிக்கு ஒரு முழம் மிச்சம் வைத்து இறக்கி, ஒரே சீராக மேலே இழுத்து, துணியில் ஒட்டியதைக் கழுவி, போத்தலில் சேர்ந்ததைச் சாடியில் ஊற்றிப் போமலின் விடவேண்டும். தனஞ்சயனுக்கு இரண்டு தரம் காட்டினால் போதும், கை படிந்துவிடும். அவன் போகும்போது நப்லா குளக்கட்டில் மருதமர நிழலில் கொப்பியோடு இருப்பாள். பட்டமரக் கூட்டத்துக்குப் பின்னால் தோணி போனால் கட்டிலிருந்து தெரியாது. நாலாம் நிலையம் பட்டமரக் கூட்டத்துக்குப் பின்னால்தான், பதினேழாம் பாட்டுக்குள்.

ஆறு மாதம் ஐந்து சாடிகள் ஒழுங்காக வந்தன.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நப்லா சங்கக் கட்டடத்திலிருந்து நேரே தனஞ்சயனைத் தேடிக் கமலாதேவியின் வீட்டுக்கு வந்தாள். தனஞ்சயன் தனியாள். சாப்பாடு அண்ணி வீட்டில், படுக்கை பக்கத்து வளவில். அன்றைக்கு அண்ணி வீட்டு விறாந்தையில் இருந்து குரக்கன் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். நப்லாவைக் கண்டதும் கமலாதேவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

"அண்ணன், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்கோ மிஸ்."

"நாலாம் நிலையத்துத் தண்ணிய எங்க எடுக்கிறீங்க?"

தனஞ்சயன் ரொட்டியைப் பிய்த்தான். "நாலாம் நிலையத்திலதான்."

"மூண்டில போன மாசம் நூற்றி நாப்பது. நாலில நூற்றி முப்பத்தெட்டு. அதுக்கு முந்தின மாசம் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. ஆறு மாசமும் ரெட்டப்பிள்ளைகள் மாதிரிப் போகுது. மூண்டு மாடு இறங்கிற கரை. சாணித் தண்ணிக்கு வாற பூச்சி ஒண்டு இருக்கு, அது நாலாம் சாடியிலயும் கிடக்கு. அந்த ஆழத்துக்கு மாடு நீந்திப் போகுதா அண்ணன்?"

தனஞ்சயன் ரொட்டியைச் சம்பலில் திரும்பத் திரும்பப் புரட்டினான். நப்லாவும் விடவில்லை.

"எனக்குக் கோவம் இல்ல. உண்மையச் சொல்லுங்க. என்ட ஆறு மாச வேலை இது."

"மாடு இறங்கிற கரையிலதான் ரெண்டு சாடியும் எடுத்தனான்" என்றான், ரொட்டியைப் பார்த்துக்கொண்டு. "நாலாம் நிலையத்துக்கு நான் போகேல்லை. ஒரு நாளும் போகேல்லை."

"ஏன்?"

"அது அண்ணன்ர பாடு மிஸ். அதுக்குள்ள வலை விழக்கூடாது."

"இது மீன் பிடிக்கிற வலை இல்லையே. கோப்பி வடிக்கிற துணியளவு."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். தலைவரிட்டைப் போய்ச் சாடையாக் கேட்டுப் பாத்தன். வலையெண்டா வலைதான், பட்டெண்டாலும் தங்கூசி நூலெண்டாலும் எண்டு சொல்லிப்போட்டார்."

"அத எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்கள் என்ன செய்வியள்? தலைவரோட கதைப்பியள். அவர் கூட்டம் வைப்பார். கூட்டம் வைச்சா, பன்ரண்டு வருசம் காணும், அவிழுங்கோ எண்டு ஆராவது எழும்பிச் சொல்லுவான். அண்ணி முன்வரிசையில இருந்து அதைக் கேக்க வேணும். அதுக்கு நான் சாடியை மாத்திறது பெரிய காரியமோ?"

நப்லா முற்றத்தைப் பார்த்தாள். பரணில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சீனன்குடாவுக்கு இறங்குகிற விமானம் ஒன்று தாழ்வாகப் போனது, காகங்கள் கலைந்து திரும்ப வந்தன.

"சரி அண்ணன். நாலாம் நிலையத்தில எடுக்கேலாமப் போச்சு எண்டு எழுதுறன். அது பிழையில்ல. எடுக்கயில்ல எண்டா எடுக்கயில்ல. ஆனா வேற இடத்துத் தண்ணிய இந்த இடத்துத் தண்ணியெண்டு எழுதேலாது. அத நம்பிக் குஞ்சக் கொண்டுவந்து விடுவாங்க."

"எழுதுங்கோ. அண்ணிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

குசினி வாசலில் கமலாதேவி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு நின்றாள். எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது. கோப்பைகளைக் கதிரையின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தனஞ்சயனைப் பார்த்தாள்.

"அவரின்ர இடமெண்டு சொல்லி வேறை தண்ணியைக் குடுத்தனீரோ தம்பி?"

"அண்ணி, நான் உங்களுக்காக..."

"எனக்காகத்தான். எல்லாரும் எனக்காகத்தான்." குரல் உயரவில்லை. "ஒருத்தர் வந்தார், நவுறுத்தீவு அகதி முகாம் படத்தில அவரைக் கண்டனான் எண்டார். படத்தைக் கொண்டாங்கோ எண்டன். கொண்டுவரேல்லை. இன்னொருத்தர் இந்தோனேசியாவில பிடிபட்டு மறியலில இருக்கிறார் எண்டார். பாலையூற்றில குறி சொல்லுற மனிசி, தண்ணியும் சோறும் தின்னுறார், தாடி வளந்திருக்கு எண்டு சொன்னா. நான் வீட்டை வந்து ஒரு கிழமை தாடியோட அவரை நினைச்சுப் பாத்தன். எல்லாரும் என்ர மனம் நோகக்கூடாதெண்டுதான் சொன்னவை. ஆனா அவரில்லை அது. வேறை ஆரையோ கொண்டுவந்து அவரெண்டு தந்தவை. நீரும் இப்ப அதைத்தானே செய்தனீர்?"

தனஞ்சயன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, கூட்டத்தில் கதிரை தூக்கியவன், ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தான்.

"மிஸ், நாளைக்குக் காலமை அந்த வலையைக் கொண்டு வாங்கோ. அவரின்ர பாட்டில என்ன இருக்கோ அதை எடுத்து எண்ணுங்கோ. ஒண்டுமில்லையெண்டா ஒண்டுமில்லையெண்டு எழுதுங்கோ."

"அக்கா, வலை விழுந்தாப் பாடு போயிரும் எண்டு..."

"தெரியும்."

"அண்ணி, யோசிச்சுச் சொல்லுங்கோ. விழுந்தாப் பிறகு திருப்பேலாது."

"பன்ரண்டு வருசம் யோசிச்சனான். நானே இறக்குறன். உம்மட கையால வேண்டாம். உம்மை அதுக்குப் பிறகு ஊர் சும்மா விடாது."

நப்லா போன பிறகு கமலாதேவி பின்னேரம் முழுவதும் கருவாடு புரட்டினாள். புரட்டியதையே திரும்பப் புரட்டினாள். அவளுக்கு அவன் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மீன் நாற்றத்தோடு வந்து, முகம் கழுவாமல் குசினிக்குள் தலையை நீட்டி, சட்டியைத் திறந்து மூக்கை விட்டு, "சொதியோ?" என்று கேட்கிற அந்த ஆள் வேண்டும். சொதி என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்று தரம் விட்டுத் தின்பான். பன்னிரண்டு வருடத்தில் அவன் முகம் சில வேளை அவளுக்கு மறந்துபோகிறது, அந்தச் சுளிப்பு மறக்கவில்லை. ஆசை குறையும் என்று சொன்னவர்கள் யாரும் காத்திருந்து பார்த்தவர்களில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியக் காற்று இன்னும் எழும்பவில்லை. நப்லா கையில் ஒரு தேசிக்காயை வைத்து குமட்டலுக்கு முகர்ந்துகொண்டு வந்தாள். தானும் தோணியில் வரப்போவதாகச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒத்துவராதே மிஸ்" என்றான் தனஞ்சயன்.

"வராட்டியும் வாறன். எடுக்கிறதக் கண்ணால பாக்கணும். இல்லாட்டி நானும் கேட்டதத்தானே எழுதின மாதிரி."

மூன்று பேரும் ஏறினார்கள். தனஞ்சயன் பின்னால் இருந்து சவளால் துடுப்புப் போட்டான். நடுவில் நப்லா கண்ணை மூடிக்கொண்டு தேசிக்காயை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தாள். முன்னால் கமலாதேவி பழைய சட்டையொன்றின் மேல் துவாயைப் போட்டுக்கொண்டு, இரு பக்க விளிம்பையும் பிடித்தபடி இருந்தாள். முதலில் மூன்றாம் நிலையத்தில் தனஞ்சயன் ஒரு தரம் இழுத்துக் காட்டினான். சாடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் கஞ்சி வடித்ததுபோல் மங்கலாக இருந்தது. அதற்குள் நுண்ணிய துகள்கள் துடித்துத் துடித்து ஓடின.

"இதெல்லாம் உயிரோ?" என்றாள் கமலாதேவி.

"எல்லாம் உயிர்தான் அக்கா."

பட்டமரக் கூட்டத்தைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. பச்சை கருத்து, மேலே ஒரு சருகும் இல்லாமல் கிடந்தது. நடுவில் வெள்ளைக் கான் ஆடாமல் மிதந்தது. அவள் தன் கையெழுத்தில் பதினேழைக் கண்டாள். தையில் எழுதியது. ஏழின் கால் வெயிலில் கொஞ்சம் உரிந்திருந்தது. பதின்மூன்று கான்களுக்கு எழுதியிருக்கிறாள், ஒன்றையும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"இதுவோ இடம்" என்றாள்.

"ஓம் அண்ணி."

"நான் பெரிசா இருக்குமெண்டு நினைச்சன்."

தனஞ்சயன் சவளைக் குறுக்கே பிடித்துத் தோணியை நிறுத்தினான். நப்லா வளையத்தைக் கமலாதேவியின் கையில் கொடுத்து, கயிற்றை எப்படி விடுவது என்று காட்டினாள். கமலாதேவி வலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி இருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. நப்லாகூடச் சத்தி எடுக்க மறந்துபோய் இருந்தாள்.

"நான் உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றாள் கமலாதேவி. தண்ணீருக்குத்தான் சொன்னாள். பிறகு கையை விட்டாள்.

பட்டுத்துணி ஒருகணம் காற்றுப் பிடித்து உப்பி, பிறகு ஈயக்குண்டின் பாரத்தில் இறங்கியது. கயிறு விரலுக்குள்ளால் ஓடியது. முடிச்சு முடிச்சாகத் தனஞ்சயன் எண்ணினான். பன்னிரண்டாம் முழத்தில் நிறுத்தச் சொன்னான்.

"இனி இழுங்கோ. நிப்பாட்டக்கூடாது, அவசரப்படவும் கூடாது."

மீன் வலை இழுக்கிற பாரம் இதில் இல்லை. இவ்வளவு இலேசான ஒன்றுக்கு இவ்வளவு பயந்தோமே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் துடைக்கவில்லை. நிறுத்தாமல், அவசரப்படாமல், கடைசி முழம் வரைக்கும் இழுத்தாள்.

நப்லா துணியைக் கழுவி, போத்தலில் இருந்ததைச் சாடியில் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"ஒண்டும் இல்லையோ?" என்றாள் கமலாதேவி.

நப்லா சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு குறைவா நான் எங்கயும் காணயில்ல."

"அப்ப செத்த இடமோ இது?"

"இல்லக்கா." நப்லாவின் முகம் மாறியிருந்தது. "பூச்சி ஒண்டுமில்லாமத் தின்னுப்பட்டிருக்கு எண்டா, தின்னுறதுகள் கீழ நிறைய நிக்குது. பன்ரண்டு வருசம் வலை விழாத இடம். மற்ற எல்லா இடத்திலயும் பிடிச்சுத் தீத்திட்டீங்க, அதான் பூச்சி பெருகிக் கிடக்கு. இங்க மீன் நிறைஞ்சு நிக்குது."

தனஞ்சயன் சவளை எடுத்துத் தோணியின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினான். கீழே கருமை அசைந்தது. ஒன்றல்ல, நூறல்ல, அந்த மூலை முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பியது. கமலாதேவி விளிம்பைப் பிடித்துக் குனிந்து, கடைசி முதுகு மறையும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையை நீட்டிக் கானைப் பிடித்து, கயிற்றை அவிழ்த்து, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வலை விழுந்த பாட்டில் மிதப்பு கிடக்கக் கூடாது. அது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கரையில் இராசதுரை நின்றார். கானைக் கண்டதும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பதினேழைத் திறக்கவேண்டும் என்று பத்து வருடமாக உள்ளுக்குள் ஆசைப்பட்டவர் அவர். இப்போது கையில் கானோடு இறங்குகிற கமலாதேவியைப் பார்த்துத் துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆரு பிள்ளை இறக்கினது?"

"நான்தான்."

"நான் ஒரு பேச்சுக்குத்தான் வலையெண்டா வலையெண்டு சொன்னனான். பூச்சி வலைக்கு ஒரு சலுகை குடுத்திருக்கலாம்."

"சலுகை வேண்டாம் தலைவர். வழக்கம் வழக்கந்தான். தையில பதினேழைப் பேணிக்குள்ள போடுங்கோ. என்ர பேரையும் சேத்துப் போடுங்கோ."

"பொம்பிளையின்ர பேர் இதுவரைக்கும் போட்டதில்லையே."

"இதுவரைக்கும் ஆரும் பன்ரண்டு வருசம் மிதப்பு கட்டினதும் இல்லை."

இராசதுரை தனஞ்சயனைப் பார்த்தார். தனஞ்சயன் தோணியைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தான். "கூட்டத்தில கதைப்பம்" என்றார் இராசதுரை. "நான் எதிர்த்துக் கதைக்க மாட்டன், போதுமே?"

சங்கக் கட்டடத்தில் யன்னலோரமாக நப்லாவின் நுணுக்குக்காட்டி இருந்தது. அவள் சாடியைக் குலுக்கி, ஒரு துளிக்குழாயால் உறிஞ்சி, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டாள். முதலில் மூன்றாம் நிலையம். பெருவிரலால் ஒரு சின்ன எண்ணியைச் சொடக்குச் சொடக்கென்று அமுக்கிக்கொண்டு, கட்டம் கட்டமாகப் போனாள். நூற்றி நாற்பத்து மூன்று. தட்டைக் கழுவித் துடைத்து நாலாம் நிலையத்தை விட்டாள். சொடக்கு ஒன்றும் கேட்கவில்லை. கமலாதேவி சுவரோடு நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ஒரே ஒரு சொடக்கு.

"வாங்கக்கா, பாருங்க."

கமலாதேவி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சத்துக்கு நடுவில் ஒன்று. கண்ணாடி மாதிரி உடம்பு, தலையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி, பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு பை தொங்கியது.

"அதென்ன பை?"

"முட்டை. அது பொம்பிளை. முட்டையச் சுமந்துக்கிட்டே நீந்தும்."

"தனியவோ திரியுது?"

"இந்தத் தட்டில தனியத்தான். இன்னும் ரெண்டு தட்டுப் பாக்கணும், பாத்துத்தான் கணக்கு. ஆனா இதுக்கு ஒண்டுதான்."

"இத்தனை மீனுக்குள்ளையும் தப்பிக் கிடக்கு" என்றாள் கமலாதேவி. நிமிர்ந்து துவாயால் கண்ணைத் துடைத்தாள். "ஒண்டெண்டு எழுதுவியளோ, இல்லாட்டி இல்லையெண்டு விட்டுடுவியளோ?"

"விடமாட்டன். ஒண்டு எண்டா ஒண்டுதான்."

நப்லா கொப்பியைத் திறந்து, நாலாம் நிலையத்துக்கு நேரே இருந்த ஆறு மாத எண்களையும் கோடு கிழித்து வெட்டினாள். நூற்றி முப்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு எல்லாம் போயின. கீழே புதிதாகத் திகதி போட்டு, முதல் தட்டு ஒன்று என்று எழுதினாள். கமலாதேவி அவள் எழுதி முடிக்கும்வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்தைப் பற்றி உள்ளபடி எழுதப்பட்டதை அவள் கண்டது அன்றைக்குத்தான்.

"இனி நாலாம் நிலையத்துக்கு இத முதலாம் மாசமா வச்சுத் தொடங்கணும்" என்றாள் நப்லா. "மாசத்துக்கு ஒருக்கா, அதே இடத்தில. ஒரு முழம் தள்ளியும் எடுக்கேலாது."

"மிதப்பில்லாம அந்த இடத்தை எப்பிடி மட்டுப்பிடிக்கிறது?" என்றான் வாசலில் நின்ற தனஞ்சயன். "தண்ணி ஏறினாப் பட்டமரமும் மறைஞ்சிடும்."

மூன்று பேரும் மேசையின் கீழே பார்த்தார்கள். கான் ஈரம் காயாமல் அங்கே கிடந்தது.

"நிலையத்துக்கு அடையாளம் கட்டலாம்" என்று நப்லா மெதுவாகச் சொன்னாள். "அது பாட்டுக்கு இல்ல. ஆராய்ச்சிக்கு. தலைவர்ட நான் கேக்கிறன். நாலு எண்டு எழுதிக் கட்டணும்."

கமலாதேவி குனிந்து கானை எடுத்தாள். உரிந்த ஏழின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"பதினேழை அழிக்க வேணுமோ?"

நப்லா யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்துக் கொப்பியில் நாலை வெட்டிவிட்டுப் பக்கத்தில் பதினேழு என்று எழுதினாள். "வேணாம். நான் இங்க மாத்திக்கிறன்."

தனஞ்சயன் கானுக்குக் கை நீட்டினான். "தாங்கோ அண்ணி, பின்னேரம் போற வழியில கட்டிவிடுறன்."

"வேண்டாம். தோணியை மட்டும் கொண்டு வாரும்." கமலாதேவி கானைத் துவாயால் துடைத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தாள். "இனி நான் கட்டுறன். வருசா வருசம் மாத்த வேணும். வெயிலுக்கு வெடிச்சிடும்."